பதின்மூன்றாம் நம்பர் வண்டி

என் மருமகள் செல்வராணிக்கு நல்ல பெயர் வாங்கத் தெரியாது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே, விருந்தாளிகள் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, "அத்தே, கறியில உப்பு தூக்கலா இருக்கு" என்று சொன்னவள். இருந்தது உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல வேறு யாருக்கும் வாய் வரவில்லை பாருங்கள். எங்கள் அடுக்குமாடியில் அவளைப் பாவம் என்கிறவர்களும் உண்டு, வாயாடி என்கிறவர்களும் உண்டு. வாயாடி என்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பாவம் என்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அவள் ஜொகூர் மாநிலத்தில், லாயாங் லாயாங் என்கிற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்தை அழித்து வீடு கட்டி விற்க ஆரம்பித்தபோது அவள் அப்பா குடும்பத்தைத் தம்போய்க்குக் கொண்டுவந்துவிட்டார். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்திவிட்டு, பாசிர் கூடாங்கில் பெயிண்ட் வாளிக்கு மூடி செய்கிற தொழிற்சாலையில் சேர்ந்தாள். என் மகன் திருச்செல்வத்தைக் கட்டிய பிறகும் வேலையை விடவில்லை. அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். விடியும் முன்னே மோட்டார் சைக்கிளை எடுத்தால், எல்லைப் பாலத்து நெரிசலைத் தாண்டி வீடு வந்து சேர இருட்டிவிடும். ஆகவே வீட்டில் அவளும் நானும்தான். சமைப்போம், சண்டை போடுவோம், சேர்ந்து சீரியல் பார்ப்போம்.

ஒரு மழைநாள் காலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளை லாரி ஒன்று உரசித் தள்ளியது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. ஆஸ்பத்திரியில் நான் அழுத அழுகையைக் கேட்டுவிட்டு, "அத்தே, பக்கத்து பெட்டுக்காரங்க தூங்கணும்" என்றாள். அவள் அழுதாளா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. என் முன்னால் அழவில்லை.

தொழிற்சாலை தன் ஆட்களுக்காக ஒரு நிறுவனத்தில் காப்புறுதி, அதுதான் இன்சூரன்ஸ், எடுத்து வைத்திருந்தது. வேலைக்குப் போகிற வழியில் நடந்த விபத்து என்பதால், மோட்டார் வைத்த சக்கர நாற்காலி வாங்கித் தருவதும், அது பழுதானால் சரிசெய்து தருவதும் அந்த நிறுவனத்தின் பொறுப்பு என்று முடிவாயிற்று. பொறுப்பு என்றால் கேட்டதும் கிடைத்துவிடுமா? ஒரு டயர் மாற்றுவதென்றாலும் டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுக்க வேண்டும், இந்தப் பெண்ணுக்கு இன்னமும் நாற்காலி தேவைப்படுகிறது என்று. ஒவ்வொரு தடவையும் புதுக் கடிதம். பழைய கடிதம் செல்லாது. செல்வராணி டாக்டர் முன்னால் நாற்காலியை நிறுத்தி, "டாக்டர், எனக்குக் காலு வந்துருச்சான்னு பாத்துச் சொல்லுங்க. இன்சூரன்ஸ்காரங்க ரொம்ப ஆவலா இருக்காங்க" என்பாள். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு எழுதிக் கொடுப்பார்.

இனி வீட்டோடு கிடப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். எங்கள் வீடு கீழ்த்தளத்தில். வாசலுக்கு நேரே தொழிற்சாலை பஸ்கள் வந்து நிற்கும். எந்த பஸ் எந்தத் தொழிற்சாலைக்குப் போகிறது என்று தெரியாமல் நேப்பாளத்துப் பிள்ளைகளும் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் அங்குமிங்கும் ஓடுவார்கள். இவள் வாசலுக்குப் போய் மலாயில் சத்தம் போட்டு, நீ இதில் ஏறு, நீ அதில் ஏறு என்று பிரித்துவிட ஆரம்பித்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, சம்பளமும் இல்லை. ஆளை ஏற்றாமல் ஒரு டிரைவர் வண்டியை எடுத்தால், நாற்காலியைக் கொண்டுபோய் பஸ்ஸுக்கு முன்னால் நிறுத்திவிடுவாள். டிரைவர்கள் பஸ் முதலாளி தங்கராஜுவிடம் போய் முறையிட்டார்கள். அவர் வந்து ஒரு காலை முழுக்க நின்று பார்த்தார். மறுவாரமே தன் பஸ் ஷெட்டில் அவளுக்கு வேலை கொடுத்துவிட்டார். "இந்த வாய் நம்ம பக்கம் இருக்கட்டும்" என்றாராம்.

ஷெட் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், கார்ப் பட்டறைகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே பன்னிரண்டு பஸ். எந்த பஸ் எந்த ஷிப்ட்டுக்குப் போகவேண்டும் என்று அனுப்புவது அவள் வேலை. ஆனால் அறைக்குள் உட்கார்ந்து போனில் மட்டும் பேசுகிறவள் இல்லை அவள். வண்டி வெளியே போகும் முன் நாற்காலியில் ஒரு சுற்று வருவாள். டயரைப் பார்ப்பாள், கதவு பூட்டுகிறதா என்று இழுத்துப் பார்ப்பாள், டிரைவர் கண்ணைப் பார்த்து, "ராத்திரி தூங்குனியா, படம் பாத்தியா?" என்று கேட்பாள். அவள் நாற்காலிக்கு டிரைவர்கள் பதின்மூன்றாம் நம்பர் வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

போன வருஷம் ஆயுத பூஜைக்குப் பன்னிரண்டு பஸ்ஸையும் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். டிரைவர்களில் அர்ச்சுனன்தான் அங்கே பூசாரி மாதிரி. அவன் கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டு, "பதிமூணாம் நம்பர் இல்லாம பூச எப்படிக்கா? வரிசையில வந்து நில்லுங்க" என்றான்.

"டேய், எனக்கு ரோட் டேக்ஸ் கூட கெடையாதுடா."

"சாமிக்கு ரோட் டேக்ஸ் எதுக்குக்கா? வாங்க லா."

போய் நின்றாள். நாற்காலிச் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பஸ் ஏறினால் பழம் நசுங்கும். இது சின்னச் சக்கரம், பழம் உருண்டு ஓடிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஒருவன் ஓடிப்போய்ப் பொறுக்கி வந்தான். கடைசியில் பழத்தைப் பாதியாக வெட்டி வைத்து ஏற்றினார்கள். எல்லாருக்கும் சிரிப்பு. மலாய்க்கார டிரைவர்கள் கைபேசியில் படம் பிடித்தார்கள். அர்ச்சுனன் மாவிலையில் மஞ்சள் தண்ணீர் தொட்டுத் தெளித்தான். செல்வராணி முன்யோசனையாகக் கைப்பிடியில் இருக்கிற பொத்தான் பெட்டிக்கு மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டி வைத்திருந்தாள். உட்காரும் இடத்துக்குக் கீழே மோட்டாரை மூடியிருக்கிற கறுப்புப் பெட்டியை மட்டும் கட்டவில்லை. அதன்மேல் அர்ச்சுனன் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தான். அவன் கைக்கு எதுவும் சின்னதாக வராது.

இதற்கு முன்னாலேயே அந்த நாற்காலியின் வலது மோட்டாரில் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஓடும்போது பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. இவள் நாற்காலிக் கடைக்கும் சொல்லி, காப்புறுதிக்கும் சொல்லி, டாக்டர் கடிதமும் கொடுத்திருந்தாள். சத்தத்தைச் சரிசெய்யலாம் என்று நிறுவனம் அனுமதியும் கொடுத்துவிட்டது. கடைக்காரன்தான் இன்றைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தான்.

பூஜை முடிந்து ஒரு வாரம் கழித்து, ஷெட் நடுவில் போய்க்கொண்டிருந்த நாற்காலி நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். பின்னால் பஸ், முன்னால் பஸ். நாலு பேர் சேர்ந்து தள்ளி ஓரம்கட்டினார்கள்.

இப்போது கடை மெக்கானிக் உடனே வந்தான். பெட்டியைத் திறக்கவில்லை. குனிந்தான், சந்தனக் கறையையும் மஞ்சள் சொட்டுகளையும் பார்த்தான், படம் எடுத்தான், போய்விட்டான். அடுத்த வாரம் ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. செல்வராணி படித்துச் சொன்னாள். தண்ணீர் ஊற்றியதால் மோட்டார் கெட்டிருக்கிறது, அது பயன்படுத்தியவருடைய தவறு, ஆகவே செலவை ஏற்க முடியாது. அதோடு மெக்கானிக் வந்து பார்த்ததற்கு ஒரு பில். திறக்காமல் பார்த்ததற்கு!

காப்புறுதி நிறுவனத்தில் இவள் விஷயத்தைப் பார்க்கிறவன் ரூபேந்திரன் என்று ஒரு பையன். நம்மவன்தான். மரியாதையாகப் பேசுவான். போனை ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால்தான் பேசினாள்.

"மேடம், உங்க பேருல ரெண்டு கிளேம் இருக்கு. சத்தம் வருதுன்னு போட்டது ஒண்ணு. அது அப்ரூவ் ஆயிருச்சு."

"அப்ப வந்து செய்யச் சொல்லுங்க."

"வண்டி ஓடினாத்தான மேடம் சத்தம் எங்கருந்து வருதுன்னு பாக்க முடியும்? இப்ப ஓடலயே."

"ஓட வைங்க."

"ஓடலங்கிறது ரெண்டாவது கிளேம். அது ரிஜெக்ட் ஆயிருச்சு."

செல்வராணி போனைத் தள்ளிப் பிடித்து, அதற்குள் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்பதுபோல் பார்த்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், நானும் தமிழன். அதனால சொல்றேன். மழையில நனஞ்சிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. மழைன்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, கவர் ஆயிரும். பூசைன்னா நீங்களா ஊத்திக்கிட்டது. அது கவர் ஆகாது."

"என் வண்டி மழையில நனையல தம்பி."

"அக்டோபர் மாசத்துல ஜொகூர்ல மழ பெய்யாமயா மேடம் இருக்கும்?"

"பேஞ்சுச்சு. என் வண்டி மேல பேயல. மஞ்சத்தண்ணி தெளிச்சோம், அது நெசம். அதனால கெடல, அதுவும் நெசம். ரெண்டையும் எழுதிக்குங்க."

போனை வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி, அவனே வழி சொல்றான். மழைன்னா மழை. யாருக்கு நட்டம்?"

"அத்தே, இன்னிக்கு மழைன்னு சொன்னா, நாளைக்கு மழையில ஏன் வெளிய போனேன்னு கேப்பாங்க. நாளான்னிக்கு வெயில்ல ஏன் போனேம்பாங்க. கடைசில வீட்டுக்குள்ளயே இருன்னு வந்து நிக்கும். நான் பூச போட்டேன். வேல செய்ற வண்டிக்குத்தான் பூச போடுவாங்க. அத நான் ஒளிக்க மாட்டேன்."

"பெரிய நியாயக்காரி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. நாற்காலி நின்ற நாளிலிருந்து அர்ச்சுனன்தான் தினமும் காலையில் வந்து, சக்கரத்தைப் பிடித்திருக்கிற மோட்டாரின் பிடியைக் கழற்றி, அந்தக் கனத்த நாற்காலியை ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான். பேட்டரியோடு சேர்த்து அது ஒரு கன்றுக்குட்டி கனம் இருக்கும். ஷெட்டில் அவளால் சுற்றிவர முடியவில்லை. அறையிலேயே இருந்தாள். அந்தச் சமயம் பார்த்து ஒரு பஸ் பூட்டாத கதவோடு தெப்ராவ் வரை போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் தொழிற்சாலையிலிருந்து தங்கராஜுவுக்குப் போன் வந்துவிட்டது.

தங்கராஜு கெட்டவர் இல்லை. வீட்டுக்கே வந்து, என் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"தீபாவளி நேரம்மா. ஓவர்டைம் வேற. ஷெட்ட சுத்திப் பாக்க ஆள் வேணும். திங்கக்கிழமை வரைக்கும் பாக்குறேன் செல்வராணி. வண்டி ரெடியாகலன்னா என் மச்சான அங்க ஒக்கார வெக்கணும். தப்பா எடுத்துக்காத."

"ஒக்கார வெச்சா அப்பறம் எந்திரிப்பாரா முதலாளி?"

அவர் காப்பியைப் பார்த்தார். அந்த மச்சானை எனக்குத் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து எங்களில் யாரும் பார்த்ததில்லை.

அன்று ராத்திரி நானே வாயைத் திறந்தேன். "நாளைக்கு அந்த இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போறதா இருந்தா நானும் வரேன்." அவள், "சோறு கட்டிக்குங்க அத்தே. திரும்பி வர நேரமாகும்" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை. காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு அர்ச்சுனன் பஸ்ஸோடு வந்தான். மூன்று டிரைவர்கள் நாற்காலியை அவளோடு சேர்த்துத் தூக்கி ஏற்றினார்கள். தெப்ராவில் கடைவீடுகள் வரிசையில் அந்த அலுவலகம். கண்ணாடிக் கதவு, உள்ளே பளபளப்பான தரை, ஜில்லென்று குளிர். நாற்காலியை நடுக்கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னாள். ஓரத்தில் இல்லை, நடுவில். "அர்ச்சுனா, மோட்டார் பிடிய மறுபடி மாட்டிவிடு" என்றாள். மாட்டினான். மாட்டினால் அந்த நாற்காலி மலை மாதிரி. தள்ளினாலும் நகராது.

கவுண்டர் பெண்ணிடம், "ரூபேந்திரனப் பாக்கணும். என் வண்டி நின்னுபோச்சு. சரியாகி ஓடுனதும் கெளம்பிருவேன்" என்றாள். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள்.

அப்புறம் கைபேசியை எடுத்து வேலையை ஆரம்பித்தாள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது. பஸ் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

"ஹலோ, ஏழாம் நம்பர் எங்க இருக்கு? பாசிர் கூடாங்ல ஆளு நிக்குதுடா! ... தீபாவளிக்கு மொத நாளு லீவா? உனக்கா? போன வருசமும் உனக்குத்தான் குடுத்தேன். இந்த வருசம் ஹாரூன் பாய் ஓட்டுறேன்னு சொல்லிருக்காரு, அவருக்கு ரெண்டு கிலோ முறுக்கு குடுத்துட்டு லீவு எடுத்துக்க... இல்லல்ல, ரெண்டு கிலோ."

காத்திருந்தவர்கள் முதலில் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒரு சீனக் கிழவர் தன் நம்பரைக் கூப்பிட்டும் எழுந்து போகவில்லை, முறுக்குப் பேரம் முடியட்டும் என்று இருந்தார் போலும். காவலுக்கு இருந்த மலாய்க்காரர் வந்து கொஞ்சம் ஓரமாகப் போகச் சொன்னார். "போலே, பாக்சிக்" என்று மலாயில் மாமாவுக்குச் சம்மதம் சொல்லி, "தள்ளுங்க" என்றாள். அவர் தள்ளிப் பார்த்தார். காலை ஊன்றித் தள்ளிப் பார்த்தார். நாற்காலி அசையவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சோற்றுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். அவர் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் என் எலுமிச்சைச் சோற்றில் அவருக்கும் ஒரு பங்கு கொடுத்தேன்.

ரூபேந்திரன் இறங்கி வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, நல்ல சட்டை, வியர்த்த நெற்றி.

"மேடம், இப்படிப் பண்ணாதீங்க. மேல பாஸ் இருக்காரு."

"அவரயும் வரச் சொல்லுங்க. தரையெல்லாம் வழுவழுன்னு நல்லா இருக்கு. என் ஷெட்டுல இப்படி இல்ல."

"நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பேசி, கொஞ்சம் ஹெல்ப் பண்ணப் பாக்கறேன். பாதி செலவு. நல்லெண்ணத்துல."

"நல்லெண்ணம் எதுக்கு தம்பி? நான் பிச்சைக்கு வரல. பெட்டியத் தொறக்காமலே தண்ணி போச்சுன்னு எழுதிருக்கீங்க. என் முன்னால தொறந்து காட்டுங்க. உள்ள தண்ணி இருந்தா நான் எந்திரிச்சுப் போயிர்றேன்."

சொல்லிவிட்டுத் தன் காலைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பையன் முகம் சிவந்துபோயிற்று, பாவம். போன் போட்டு மெக்கானிக்கை வரச் சொன்னான்.

மெக்கானிக் வந்து சேர மாலையாகிவிட்டது. அதற்குள் இரண்டு டிரைவர்கள் வழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு அடுத்து எங்கே போகவேண்டும் என்று அவளிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். யாரோ சொல்லி, தங்கராஜுவும் வந்துவிட்டார். கதவோரமாக நின்று, தன் ஷெட் முழுக்க இங்கே இடம் மாறியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளைத் தூக்கிச் சோபாவில் உட்கார வைத்துவிட்டு, மெக்கானிக் அந்தப் பளபளப்பான தரையிலேயே நாற்காலியைச் சாய்த்துப் பெட்டியைத் திறந்தான். எல்லாரும் எட்டிப் பார்த்தோம். உள்ளே தண்ணீரும் இல்லை, மஞ்சளும் இல்லை. தூசு, நூல், தலைமுடி, ஷெட்டு மணல். மெக்கானிக் மோட்டாரைக் கழற்றி உலுக்கினான். கறுப்பாய்ப் பொடி கொட்டியது. "சுடா ஹபீஸ்" என்றான். தேய்ந்து தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் இல்லை என்றதும் நான் சாமியைக் கும்பிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். ரூபேந்திரன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"மேடம்... தேய்மானம்னா அதுவும் கவர் ஆகாது. பயன்படுத்தித் தேஞ்சது எங்க பொறுப்பு இல்லன்னு இருக்கு."

தண்ணீர் போனால் அவள் தப்பு, போகாவிட்டாலும் அவள் தப்பு. என் கையில் கூடை இருந்தது, நல்ல வேளை காலியாக இருந்தது.

செல்வராணி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரல் இறங்கியிருந்தது.

"தேயத்தான் செய்யும் தம்பி. பன்னெண்டு பஸ்ஸு, காலையும் மாலையும் சுத்துறேன். வேல செஞ்சேன், தேஞ்சுச்சு. நான் வீட்டுல படுத்துக் கெடந்திருந்தா இது புதுசா இருந்திருக்கும். படுத்துக் கெடக்கவா இத வாங்கிக் குடுத்தீங்க?"

அவள் மெக்கானிக் பக்கம் திரும்பினாள். மலாயில் கேட்டாள்: அந்தக் கரகரச் சத்தம் எதிலிருந்து வந்தது? அவன் கையிலிருந்த மோட்டாரைக் காட்டினான். அந்தச் சத்தத்தை நிறுத்த என்ன செய்ய வேண்டும்? புது மோட்டார் போட வேண்டும் என்றான்.

"கேட்டீங்களா ரூபேந்திரன்? சத்தத்துக்கு அனுமதி குடுத்துட்டீங்கல்ல?"

"குடுத்துட்டோம் மேடம், ஆனா..."

"அப்ப சத்தத்த நிறுத்துங்க. அது ஓடுறதும் ஓடாததும் என் பாடு. நான் கேக்கல."

முதலில் சிரித்தவர் அந்தக் காவல்காரர். தமிழ் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, சிரித்துவிட்டார். ரூபேந்திரன் தலையைச் சொறிந்துகொண்டு மாடிக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் கையில் ஒரு தாளோடு இறங்கி வந்தான். சத்தத்துக்காக வலது மோட்டார் மாற்றிக் கொடுக்கப்படும். மெக்கானிக் முதல் தடவை பார்த்துவிட்டுப் போன பில்லும் தள்ளுபடி.

"ஒரே ஒரு கையெழுத்து மேடம். இனிமே வண்டி மேல திரவப் பொருள் எதுவும் தெளிக்க மாட்டேன்னு."

"அத அடிச்சிருங்க."

"மேடம்..."

"அடிங்க தம்பி. நீங்க உங்க காருக்குப் பூச போடலயா?"

அவன் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் மோட்டார் கோலாலம்பூரிலிருந்து வரவேண்டுமாம். பத்து நாளாவது ஆகும் என்றான் மெக்கானிக். நான் தங்கராஜுவைப் பார்த்தேன். திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள். அவர் சோபாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"இன்னிக்கு எல்லா பஸ்ஸும் நேரத்துக்குப் போயிருக்கும்மா. போன்லயே நல்லா பாத்துக்கிட்ட. ஒண்ணு செய்வோமா? நீ வீட்டுலருந்தே போன்ல பாத்துக்க. சுத்திப் பாக்க மச்சான் இருக்கட்டும். சம்பளம் மட்டும் பாதியா..."

"முதலாளி, இன்னிக்கு பாதின்னு சொன்ன ரெண்டாவது ஆளு நீங்க."

"அதுக்கு இல்லம்மா..."

"திங்கக்கிழமை நான் ஷெட்டுக்கு வருவேன். முழுசா வருவேன். சுத்திப் பாக்காம ஒரு வண்டி வெளிய போச்சுன்னா நீங்க சொன்னபடி கேக்குறேன். உங்க மச்சான் வீட்டுலயே ஒக்காந்திருக்கட்டும், அது அவருக்குப் பழக்கம்."

தங்கராஜுவுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. "எப்படிச் சுத்துவ?" என்று கேட்டார். "அது திங்கக்கிழமை தெரியும்" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவளுக்கும் தெரியாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை இருட்டோடு அர்ச்சுனன் பஸ் எங்கள் வாசலுக்கு வந்தது. இரண்டு பேர் அவளைத் தூக்கி முன்சீட்டில் வைத்தார்கள். நான் பிளாஸ்கில் தேத்தண்ணீர் எடுத்துக்கொண்டு கூடவே ஏறினேன். ஷெட்டில் அவளுடைய அறைக்குப் போகவில்லை. வெளிவாசல் ஓரமாக, விளக்குக் கம்பத்துக்குக் கீழே, சாப்பாட்டுக் கடையில் இருக்குமே அந்த மாதிரிக் கைவைத்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போடச் சொல்லி அதில் உட்கார்ந்தாள். சரியாமல் இருக்க என் சேலை ஒன்றை இடுப்போடு சேர்த்துக் கட்டினோம்.

"ஒண்ணாம் நம்பர் வா!" என்றாள்.

முதல் பஸ் உறுமிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றது. கதவைத் திறந்து மூடச் சொன்னாள். டார்ச் அடித்து டயரைப் பார்த்தாள். ஒரு முழு வட்டம் அடித்து மறுபக்கத்தைக் காட்டச் சொன்னாள். அந்தப் பெரிய பஸ் அவளைச் சுற்றி வந்து நின்றது. டிரைவர் ஜன்னலை இறக்கித் தலையை நீட்டினான்.

"கண்ணு ஏன்டா செவந்திருக்கு?"

"தூசிக்கா."

"மூஞ்சி கழுவிட்டு வா. ரெண்டாம் நம்பர், முன்னால எடு!"

ஒவ்வொன்றாக வந்து நின்று, சுற்றிக் காட்டி, திட்டு வாங்கிக்கொண்டு வெளியே போயின. தங்கராஜு அறை வாசலில் நின்று பார்த்தார். கூடவே வந்திருந்த மச்சானிடம் ஏதோ சொன்னார். மச்சான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தீபாவளி கழிந்ததும் மோட்டார் வந்து மாட்டியாகிவிட்டது. சத்தம் இல்லை, நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் அவள் பஸ்களைத் தேடிப் போவதில்லை. வெளிவாசலில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு, பஸ்தான் வந்து நிற்கவேண்டும் என்று வைத்துவிட்டாள்.